சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

பானு ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். "கைய மடக்கி வச்சுக்கோங்க ஐயா. போயிச் சாப்பிடுங்க. மொத வாய் எப்ப வைக்கீங்களோ அதுலருந்து சரியா ரெண்டு மணி நேரம். அப்புறம் இன்னொரு தடவ ரத்தம். அதோட நம்ம ஆராய்ச்சி முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பழுப்புக் கவர்களை எடுத்து வைத்தாள். ஒன்றின் மேல் 213. மற்றதன் மேல் 214. "இது உங்களோடது. இது ஞானதிரவியம் ஐயாவோடது. அவங்க சம்சாரம் எமிலியம்மா லெட்டர் குடுத்து விட்டாங்கல்லா?" பலவேசம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்த மடிப்பில் வேர்வை ஏறியிருந்தது. "உள்ள எழுதியிருக்கும் ஐயா. நாலு வருசமா நீங்க தின்னது மருந்தா, வெறும் மாத்திரையான்னு. இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கே தெரியாது பாத்துக்கோங்க. இங்கன பிரிச்சாலும் சரி, வீட்ல போயிப் பிரிச்சாலும் சரி." பலவேசம் "ம்" என்றார். கவர்களை ரெக்சின் பைக்குள் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டு நிமிஷம் முந்தி ஓடியது. நாலு வருஷமாக அது அப்படித்தான் ஓடுகிறது. நாலு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

கேண்டீனில் நாலு இட்லி. முதல் வாய் எட்டு பத்து. அப்படியென்றால் பத்து பத்து. பலவேசம் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, அதை எழுதுவது அவர் வேலை. எழுபத்தொரு வயதில் இன்னும் மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறது சனியன், நிறுத்த முடியவில்லை. சாம்பார் தண்ணியாக இருந்தது. சட்னி கிடையாது, தேங்காய் ஆகாதாம். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. பை மடியில் இருக்கிறது. ரெண்டு காகிதம். ஒரு காகிதம் என்ன எடை இருக்கும், ஆனாலும் தொடையில் கனக்கிறது. இந்த மையத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர். எல்லாம் சர்க்கரைக்காரர்கள். சர்க்கரை உள்ளவனுக்கு நெஞ்சு ஏன் சீக்கிரம் போகிறது, போகாமல் ஒரு மாத்திரையால் பிடித்து நிறுத்த முடியுமா, இதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, உள்ளே ஒன்றுமில்லாத வெத்து மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, தின்கிறவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்திருக்கிறது. பெரிய டாக்டர் முதல் நாள் கூட்டத்தில் விளக்கமாகத்தான் சொன்னார். "உங்களுக்கு எது வந்திருக்குன்னு யூகம் பண்ணாதீங்க. பண்ணினா ஆராய்ச்சி கெட்டுப்போகும்." பக்கத்து நாற்காலியில் இருந்த ஞானதிரவியம் இவர் விலாவில் இடித்து, "கேட்டீராவே, யூகம் பண்ணக்கூடாதாம். உமக்கு அது ஆகாதே, நாலு நிமிஷம் லேட்டுன்னா டிரைவர் எங்க டீ குடிச்சான்னு யூகம் பண்ணுத ஆளுல்லா நீரு" என்றான். ஊரே கேட்கிற மாதிரித்தான் அவனுக்குக் குசுகுசுக்கத் தெரியும்.

நாலு நிமிஷம். அதிலிருந்துதான் பழக்கமே. ஞானதிரவியம் திருச்செந்தூர் வண்டி டிரைவர். ஒருநாள் நாலு நிமிஷம் பிந்தி உள்ளே வந்தான். பலவேசம் எழுதினார். அவன் டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்துக் கெஞ்சினான், வழியில் ஆட்டு மந்தை என்றான். "எழுதுனது எழுதுனதுதான்" என்றார் இவர். மெமோ வந்தது. அடுத்த வாரம் ஒரு பொட்டலம் தேங்காய்ப்பால் முறுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்து, "தின்னும். நாலு நிமிஷத்துக்கு ஆளைக் கொன்னுருவீரேவே" என்று சிரித்தான். ஆளைக் கொன்னுருவீரே. அதை அப்போது யார் பெரிசாக எடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் ஒன்றாகத் திரிந்தாயிற்று. ரெண்டு பேரும் ஒரே வருஷம் ரிட்டையர். ரெண்டு பேருக்கும் சர்க்கரை. அவனுக்குக் கால் முந்தி மரத்தது. ஒருநாள் இந்த மையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு பானுதான் பார்த்தாள். "ஐயா, ஒத்தச் செருப்போட வந்துருக்கீங்க." வலது கால் செருப்பு பஸ்ஸிலேயே கழன்று போயிருக்கிறது. இறங்கி, ரோட்டைத் தாண்டி, வெயில் காய்ந்த தாரில் நடந்து வந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. உள்ளங்கால் பொத்துப் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், இவரும் சிரித்தார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "இதே மாதிரிதான் நெஞ்சும். சர்க்கரை நரம்பைத் தின்னிருச்சுன்னா, காலுக்குச் சூடு தெரியாத மாதிரி, நெஞ்சுல அடைப்பு வந்தாலும் வலி தெரியாமப் போயிரும். வேர்க்கும், குமட்டும், அவ்வளவுதான். வாயுன்னு நினைச்சு யாரும் சோடா குடிச்சிட்டு உக்காந்துராதீங்க." அதற்கும் கூட்டம் சிரித்தது. மூன்றாவது இட்லியை அப்படியே வைத்துவிட்டு பலவேசம் எழுந்தார். கை கழுவினார். குழாய்த் தண்ணீர் விரலில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். குழாயைக் கண்டாலே இப்படித்தான்.

எட்டு முப்பத்தெட்டு. வராந்தா பெஞ்சு. இன்னும் ஒரு மணி முப்பத்திரண்டு நிமிஷம். என்னத்தைச் செய்ய. முட்டியைத் தடவிக்கொண்டார். எதிர்ச் சுவரில் இதயம் படம் ஒட்டியிருந்தது, பாதி சிவப்பு, பாதி நீலம், கறிக்கடையில் தொங்குகிறது போலத்தான் இருந்தது. அந்தக் கால் பொத்துப்போன பிறகு ஞானதிரவியத்துக்குப் பஸ் ஏறி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு பரிசோதனைக்கு மட்டும் ஆட்டோவில் வந்தால் போதும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாத்திரை வாங்க ஒருத்தர் வந்து ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இவர்தான் வந்தார். ரெண்டு வெள்ளை பாட்டில், மூடிக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டி, மேலே ஸ்டிக்கர். ஒன்றில் 213, இன்னொன்றில் 214. பேர் கிடையாது. எண் மட்டும்தான். முதல் ரெண்டு வருஷம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் ஒருநாள் அவன் வீட்டு மாடியில் தண்ணித்தொட்டி பார்க்கப் போனார்கள். இவர் எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். அவன், பொத்துப்போன காலை வைத்துக்கொண்டு, விறுவிறு என்று மேலே ஏறிப்போய்த் தொட்டி மூடியைத் தட்டி, "வாரும்வே, அங்கன என்ன டைம் எழுதிட்டு இருக்கீரா?" என்றான். அவ்வளவுதான். அது ஒரு விஷயமா. ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவனுக்குச் சர்க்கரை இறங்குகிறது. மூணு மாசக் கணக்கு சொல்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டே, முந்தின நாள் ரசஞ்சோறு தின்று ஏமாற்ற முடியாதது, அதிலும் இறங்குகிறது. "புது ஆள் மாதிரி இருக்குவே" என்கிறான். எமிலிகூட, "அண்ணாச்சி, இவுக இப்பம்லாம் ராத்திரி நல்லாத் தூங்குதாக" என்றாள். அவன் மனைவி வாயிலிருந்தே வந்த பிறகு சந்தேகம் என்ன. அவனுக்கு மருந்து. நமக்கு வெத்து. பக்கத்துப் பக்கத்து எண். ஒரு ஆள் பிந்தி வரிசையில் நின்றிருந்தால் அது நமக்கு. அன்றைக்கு வரிசையில், "நீரு மூத்தவரு, முந்தி நில்லும்" என்று சொல்லி இவரை முன்னால் தள்ளிவிட்டவனே அவன்தான். அப்படியென்றால் அது இவருக்கு வந்திருக்க வேண்டியது அல்லவா. இந்த நியாயத்தை எத்தனை நாள் வைத்து அரைத்தார். ஒரு மாசம். ரெண்டு மாசம். சண்முகவடிவு, "என்ன முணுமுணுக்கீங்க?" என்று கேட்டாள். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. தெரிந்துதான் செய்தார்.

ஜூலை பதினேழு, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. மாத்திரை வாங்கித் திரும்புகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடம். வாசலில் இருந்த காவலாளி எழுந்து நின்று, "சார்வாள், உள்ள போங்க, உங்ககிட்ட என்னத்த வாங்க" என்று சலாம் வைத்தான். முப்பத்திரண்டு வருஷ மரியாதை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பையை ஆணியில் மாட்டினார். குழாயில் தண்ணீரை நூலாகத் திறந்து 214ஐ நீட்டினார். ஸ்டிக்கர் ஊறி லேசாக எழும்பியது. நகத்தால் நிமிண்டினார். பிறகு 213. ஒன்றைத் தொடையில் ஒட்டி வைத்துக்கொண்டு மற்றதை உரித்தார், வேட்டியை வழித்துக்கொண்டு, எழுபதை எட்டப்போகிற மனுஷன், வெறுந்தொடையில் ஒரு ஸ்டிக்கர். வெளியே யாரோ கதவைத் தட்டி, "உள்ள யாரு, பிள்ளையா பெறுதீரு?" என்று கத்தினான். அந்தக் குரலுக்கு இவர் உடம்பு குலுங்கியதில் 214 ஸ்டிக்கர் ஓரம் கொஞ்சம் கிழிந்தது. இதுக்கு அது, அதுக்கு இது. கைக்குட்டையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ புதுப் பையன் திருச்செந்தூர் வண்டியைக் கூப்பிட்டான், தப்பான நேரத்தைச் சொன்னான். இவர் உள்ளே நின்றுகொண்டு அதைத் திருத்தினார், மனசுக்குள். அந்த இடத்திலும் திருத்தினார். அதற்குப் பிறகு அக்டோபர். ஜனவரி. ஏப்ரல். மொத்தம் ஏழு தடவை. பழகப் பழகக் கை நடுங்கவில்லை, அதுதான் கேவலம். கடைசித் தடவை வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே உரித்தார்.

ஓரம் சுருண்டிருக்கேவே. அதை ஞானதிரவியம் சொன்னது முதல் தடவையா ரெண்டாவது தடவையா. முதல் தடவைதான். பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு, "ஸ்டிக்கர் ஓரம் சுருண்டிருக்கேவே" என்றான். "வேர்வை" என்றார் இவர். அவன் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரம். ஒரு நிமிஷம் இருக்குமா, இருக்காது, பத்து வினாடி. பிறகு, "சரி, உம்ம கைல இருந்து வருது, அதுக்கு மேல என்ன பாக்கணும்" என்று சொல்லி வெள்ளித்தாளைக் கிழித்தான். தெரிந்து சொன்னானா. தெரிந்திருந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை, நாலு தெரு கேட்க வைதிருப்பான். தெரியாமல் சொன்னானா. தெரியாமல் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம். இந்த இடத்தில்தான் எப்போதும் வண்டி நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. உம்ம கைல இருந்து வருது. குளிக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, சண்முகவடிவு சோறு போடும்போது. அவள் "போதுமா?" என்று கேட்பாள், இவர் காதில் உம்ம கைல இருந்து வருது என்று விழும். சரி, தின்றாரே அந்த மாத்திரையை, அவனுடையதை, அது என்ன செய்தது. ஒன்றும் செய்யவில்லை. எட்டாவது படியில் அதே மூச்சு. மருந்து பிடிக்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டார். அவனோ தளரவில்லை, அதே விறுவிறுப்பு. பழைய மருந்து உடம்பில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு யூகம் வைத்திருந்தார். நீரு யூகம் பண்ணுத ஆளுல்லா.

இந்த வருஷம் மார்ச் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தவன், எமிலியிடம், "வயித்தப் பொரட்டுது, ஒரு சோடா வாங்கியா" என்றிருக்கிறான். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வலிக்கிறதா என்று அவள் கேட்டிருக்கிறாள். "வலியெல்லாம் ஒண்ணுமில்லட்டி, வாயு" என்றிருக்கிறான். டாக்டர் சொன்னபோது எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன். அவள் தெருமுனைக் கடையிலிருந்து சோடாவோடு வந்தபோது நாற்காலியில் சாய்ந்தபடியே முடிந்திருந்தது. இவர் போனார். மாலை போட்டார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எமிலி அந்த பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள், "அண்ணாச்சி, மிச்ச மாத்திரைய ஆராய்ச்சில திருப்பிக் குடுக்கணும்லா, இந்தாங்க." 214. ஓரம் சுருண்டிருந்தது. அதைப் பையில் போட்டு இங்கே கொண்டுவந்து பானுவிடம் கொடுத்தார். அவள் தட்டில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். தேதியைப் பார்த்தாள். "சாவுக்கு மொத நாள் வரைக்கும் ஒண்ணு விடாமத் தின்னுருக்காங்க ஐயா, பாவம்." இவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெத்து. அத்தனையும் வெத்து. நாம் கொடுத்தது. ஒன்று விடாமல் தின்றிருக்கிறான், தண்ணீர் குடித்து, அண்ணாந்து, நம்பி.

போன் அடித்தது. எமிலி. பலவேசம் எடுக்கவில்லை. அது பைக்குள் கிடந்து கத்திவிட்டு ஓய்ந்தது. ஒன்பது இருபத்தொன்று. நேற்றே சொல்லிவிட்டாள். "அவுக கவரையும் நீங்களே வாங்கிட்டு வந்துருங்க அண்ணாச்சி. மருந்தா வெத்தான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மருந்து தின்னும் போனாகன்னா விதின்னு விட்டுருவேன். வெத்தைக் குடுத்துக் கொன்னுட்டாங்கன்னா மனசு ஆறாது." 214 கவருக்குள் மருந்து என்று இருந்தால்? அதை வாசித்து எமிலி ஆறுதல் அடைவாள். அவுக மருந்துதான் தின்னாக, விதி. அந்தப் பொய்யை இவர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்க வேண்டும். 214 கவருக்குள் வெத்து என்று இருந்தால்? அப்படியென்றால் 213தான் மருந்து. அப்படியென்றால் இவர் ஏமாந்து நல்ல மருந்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு வெத்தைத் தின்றிருக்கிறார். அப்படி இருந்தால் இவர் கொல்லவில்லை. பலவேசத்துக்கு மேலெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. அப்படி இருக்கட்டும். ஆண்டவனே, அப்படி இருக்கட்டும். உடனே தான் என்ன வேண்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. நாம் அவனுக்கு நல்லது செய்ததாக ஆகட்டும் என்று வேண்டுகிறோம். திருடின கையைத் தானம் பண்ணின கையாக மாற்றித் தா என்று ஒரு காகிதத்தைக் கேட்கிறோம். ஆறு மாசமாக இந்தக் கவருக்குத்தான் காத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் தெரியும், தெரிந்த பிறகு சொல்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்று. சாதகமாக இருந்தால் சொல்லலாம், பெருமையாகவே சொல்லலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம். சீ. பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார். திறந்தார். எதிரே புதிதாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு ஆராய்ச்சி ஆரம்பிக்கிறதாம், அதற்குச் சேர்ந்தவர்கள். ரெண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு வெள்ளை பாட்டில்.

"ஏங்க, வீட்ல போயி ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டிருவமா?" என்றாள் அந்த அம்மாள், நீலச் சேலை, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு. "எதுக்குட்டி?" என்றார் புருஷன். "ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு வெத்துன்னுல்லா சொல்லுதாங்க. ஒண்ணாக் கொட்டிட்டா ஆளுக்குப் பாதி மருந்து போயிரும்லா." "ரெண்டும் வெத்தா இருந்தா?" "உங்க வாயில ஒரு நல்ல பேச்சு வருதா பாரேன்." அவர் சிரித்தார். முன்பல் இல்லை. "சரிட்டி, உனக்கு மட்டும் மருந்து வந்துருக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தருவியா?" "தராம? நீங்க போயிட்டா நான் யாரு கூடச் சண்ட போட?" பலவேசத்துக்குக் காது சுட்டது. முதலில் அவர்கள் தன்னைத்தான் குத்திப் பேசுகிறார்கள் என்று தோன்றியது. பிறகு இல்லை என்று தெரிந்தது. அது இன்னும் சுட்டது. அதே ரெண்டு பாட்டில். அதே யூகம். அவளுக்கு முதலில் தோன்றியது கொடுக்க. நமக்கு ஒருநாளாவது, ஒரு தடவையாவது, ஆளுக்குப் பாதி என்று தோன்றியதா. ஞானதிரவியத்திடம், "வே, உமக்கு நல்லா இருக்கு, எனக்கு இல்ல, ரெண்டையும் கலப்பமா?" என்று கேட்டிருந்தால் அந்த மடையன், "எடுத்துக்கோரும்வே, முழு பாட்டிலையும் எடுத்துக்கோரும்" என்று சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான். அது தெரிந்துதான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் கடன்படவேண்டும், படியில் அவனுக்குக் கீழே நிற்கவேண்டும். அதற்குக் கழிப்பிடமே மேல் என்று போனார். "கொட்டாதீங்க" என்று குரல் வந்தது. தன் குரல்தான். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "ஒண்ணாக் கொட்டாதீங்க. மாத்தாதீங்க. அவங்கவங்க எண்ணு அவங்கவங்களுக்கு." பல்லில்லாத புருஷன் மிரண்டு, "சும்மா தமாசுக்குப் பேசினோம் அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கோவப்படுதீங்க?" என்றார். பானு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நடந்தது புரிந்து சிரித்தாள். "ஐயா சொல்லுததக் கேட்டுக்கோங்கம்மா. நாலு வருசத்துல ஒரு மாத்திர விட்டதில்ல, ஒரு நாள் பிந்தினதில்ல. புதுசாச் சேந்தவங்களுக்கு ஐயாவத்தான் நாங்க உதாரணமாச் சொல்லுதது. ஐயா, போறதுக்கு முன்ன இவங்க எல்லாருக்கும் ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன்."

பலவேசம் எழுந்தார். முட்டி சடசடத்தது. பானுவைத் தாண்டி அவள் அறைக்குள் போனார். ஒன்பது ஐம்பத்திரண்டு. "இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கே ஐயா." "ரத்தத்துக்கு வரல. பேப்பர் எடு." "எதுக்கு?" "எடு." அவள் எடுத்தாள். பலவேசம் உட்காரவில்லை. பையிலிருந்து ரெண்டு கவரையும் எடுத்து மேசையில் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பிரித்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். இப்போதே. இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கை தானாகக் கவரைக் கிழித்துவிடும். "எழுது. ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஜூலை பதினேழு, புதன், காலை பதினொண்ணு இருபது. அன்னைலருந்து ஏழு தடவை. 213 பாட்டில் ஸ்டிக்கரையும் 214 பாட்டில் ஸ்டிக்கரையும் நான் மாத்தி ஒட்டினேன். பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ்ல வச்சு. என் பாட்டிலை அவன் தின்னான். அவன் பாட்டிலை நான் தின்னேன். அவனுக்குத் தெரியாது." பானுவின் பேனா முதல் வரியிலேயே நின்றிருந்தது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு முகமாக இருந்தது. எப்போதும் "ஐயா" என்று சொல்வதற்கு முன் ஒரு சிரிப்பு வரும், அது இல்லை. "ஏன் ஐயா?" என்றாள். எத்தனை பெரிய நியாயம் எல்லாம் அரைத்து வைத்திருந்தார். வரிசை, எண், முந்தி நின்றது, மூத்தவன். ஒன்றும் வரவில்லை. "அவன் மாடி ஏறினான். நான் ஏறல" என்றார்.

பானு, "கவரப் பிரிச்சீங்களா?" என்றாள். "இல்ல. நீ பிரி." கையை எடுத்தார். கை எடுத்த இடத்தில் மேசைக் கண்ணாடியில் வேர்வை அப்பியிருந்தது. அவள் கத்தரியால் ஓரத்தை வெட்டினாள். 213ஐ வாசித்தாள். 214ஐ வாசித்தாள். மறுபடி 213. "ஐயா" என்றாள். "ரெண்டும் மருந்துதான்." அவருக்குப் புரியவில்லை. "ரெண்டும்னா?" "உங்களுதும் மருந்து. அவங்களுதும் மருந்து. ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஐயா. நீங்க மாத்தினாலும் மாத்தாட்டாலும் ரெண்டு பேரும் தின்னது ஒண்ணுதான். அவங்க மவுத்துக்கும் நீங்க செஞ்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." சொல்லச் சொல்ல அவளுக்கே மூச்சு வந்தது, பழைய சிரிப்பில் பாதி திரும்பியது. பேனாவை மூடினாள். "கணக்கும் ஒண்ணும் கெடல. பேசாம விட்டுருவோமே ஐயா. இத எழுதணுமா?" ஒரு நொடி, நெடுநேரம் அடக்கி வைத்த நீர் பிரிந்த மாதிரி பலவேசத்தின் உடம்பு முழுக்க ஒரு விடுதலை இறங்கியது. கொல்லவில்லை. அவனைக் கொல்லவில்லை. அவ்வளவுதான், அடுத்த நொடி அது வடிந்துவிட்டது. அடியில் கிடந்தது அப்படியே கிடந்தது. கழிப்பிடம், நூலாக ஓடிய தண்ணீர், வெறுந்தொடையில் ஒட்டிய ஸ்டிக்கர். தன் பாட்டிலில் இருந்ததையே திருடியிருக்கிறார். ஏழு தடவை. இதுவரைக்கும் அவன் சாவு அதன் மேல் மூடிக்கொண்டு நின்றது, அழுவதற்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவன் போனது தனி. இவர் செய்தது தனி. தனியாக நிற்கிறது, சின்னதாக, கேவலமாக. ஓரம் சுருண்டிருக்கேவே. "எழுது" என்றார். "ஐயா..." "எழுதும்மா. பதினொண்ணு இருபது. எழுதி ஒன் டாக்டர்ட்டயும் சொல்லு." அவள் எழுதினாள். மெதுவாக, குனிந்தே எழுதினாள். இவர் தலையைச் சாய்த்து வாசித்துப் பார்த்தார். "இருபத்தஞ்சுன்னு போட்டுருக்க. இருபது." அவள் அடித்துத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டார்.

பத்து பத்துக்கு ரத்தம் எடுத்தாள். பஞ்சை அவரே அழுத்திக்கொண்டார். பைக்குள் போன் மறுபடி அடித்தது, எடுத்துக் காதில் வைத்தார். "என்ன அண்ணாச்சி, வாங்கியாச்சா? என்ன போட்டுருக்கு?" எமிலியின் குரல், பின்னால் குக்கர் சத்தம். சொல்லிவிடலாம். மருந்துதான் தாயி, விதி. அதுவும் உண்மைதானே. ஒரே வார்த்தையில் முடிந்துவிடும், அவளும் ஆறுவாள், இவரும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நேர்ல வாரேன் தாயி. பத்து நாப்பது வண்டில" என்று சொல்லி வைத்தார். பானுவைப் பார்த்தார். "எழுதின பேப்பர ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு." "எதுக்கு ஐயா? வாயால சொன்னாப் போதாதா?" "போதாது. பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போணும். வழியில மாத்திருவேன்." அவள் போய் எடுத்து வந்தாள். ஒரு கவரில் போட்டு, மேலே எமிலி என்று எழுதி நீட்டினாள். பலவேசம் வாங்கிக்கொள்ளவில்லை. கவரின் வாய் திறந்திருந்தது.

"ஒட்டிக் குடு" என்றார்.